நான்கு வாசல்களும் ஒரு கோப்பும்

வெஸ்டர்மீடன் நீர் வாரியத்துக்கு எதிரிகள் இரண்டு. ஒன்று வட கடல். மற்றது கோப்புகள். கடலோடு எண்ணூறு வருஷப் பழக்கம் என்பதால் அதைக் கவனித்துக்கொள்ள ஒரே ஓர் அதிகாரி போதும் என்று வாரியம் முடிவு செய்திருந்தது. கோப்புகளைக் கவனிக்கப் பதினேழு பேர். தலைமையகத்தின் ஆறாவது மாடி முழுக்க அவர்களுக்குத்தான்.

ரின்ஸ்கே போஸ்ட்மா அந்த மாடிக்குப் போனதே இல்லை. அவள் வேலை லேகமீடன் பம்பு நிலையத்தில். லேகமீடன் கடல் மட்டத்துக்கு ஒன்றரை ஆள் உயரம் கீழே கிடக்கும் ஊர். அங்கே பெய்யும் மழை தானாக எங்கும் ஓடிப்போகாது. யாராவது அதைத் தூக்கிக் கால்வாயில் ஊற்ற வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அதை ஊற்றிக்கொண்டிருந்தவள் ரின்ஸ்கே. வயது ஐம்பத்து மூன்று. ரப்பர் பூட்ஸைக் கழற்றாமலே ஒரு கோப்பை காப்பியைக் குடித்து முடிக்கிற ரகம்.

அக்டோபர் இருபத்தேழாம் தேதி காலை, எல்லைக்கு அப்பால் இருக்கும் எம்டனிலிருந்து ஹின்னெர்க் போன் செய்தான். பம்பை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் செய்து கொடுத்த சின்ன ஜெர்மன் கம்பெனியின் ஆள்.

"ரின்ஸ்கே, ஒரு தப்பு கண்டுபிடிச்சிருக்கோம். எங்க தப்புதான். தண்ணி ரெண்டு மீட்டரைத் தாண்டினா பெட்டியோட கணக்கு சுத்திக்கிட்டு மறுபடி சைபருக்கு வந்துடும்."

"வந்தா?"

"தண்ணியே இல்லைன்னு நெனச்சு பம்பை நிறுத்திடும்."

ரின்ஸ்கே காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "அதாவது, வெள்ளம் வந்தா மட்டும் வேலை செய்யாத பம்பு."

"மத்த நேரமெல்லாம் நல்லா ஓடும்," என்றான் ஹின்னெர்க், குரலில் உண்மையான வெட்கத்தோடு. "திருத்தம் தயாரா இருக்கு. ஒரே ஒரு கோப்பு. மெயில்ல அனுப்பறேன். பெட்டியில ஏத்தினா அஞ்சு நிமிஷ வேலை."

மெயில் வந்தது. கோப்பு வரவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குறிப்பு இருந்தது:

'அன்புள்ள பணியாளருக்கு, இந்த மடலில் தடை செய்யப்பட்ட வகைக் கோப்பு ஒன்று இருந்தது. அதை அகற்றிவிட்டோம். நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள். இனிய நாளாக அமையட்டும்.'

வாரியத்தின் ஃபயர்வால் வைத்த குறிப்பு அது. ஊழியர்கள் அதைச் சுருக்கமாகச் சுவர் என்பார்கள். வெளியிலிருந்து எது வந்தாலும் சுவரைத் தாண்டித்தான் வர வேண்டும். மடல்களுக்கு மெயில் வாசல், இணையத்துக்கு வலை வாசல் என்று அதில் தனித்தனி வாசல்கள். சுவரிடம் ஒரு பட்டியல் இருந்தது. பெயருக்குப் பின்னால் எந்தெந்த எழுத்துகள் வந்தால் கோப்பு கெட்டது என்று அதில் எழுதியிருந்தது. ஹின்னெர்க்கின் கோப்புக்கு வால் 'டாட் பின்'. பட்டியலில் ஒன்பதாவது.

"பேரை மாத்தி அனுப்பறேன்," என்றான் ஹின்னெர்க். 'பிறந்தநாள் வாழ்த்து' என்று பெயர் வைத்து, வெறும் எழுத்துக் கோப்பு போல ஒரு வாலையும் ஒட்டி அனுப்பினான். பெயரைப் பார்த்து ஏமாற மெயில் வாசல் என்ன நேற்றுப் பிறந்ததா? அது உள்ளே கை விட்டு முதல் சில எழுத்துகளைத் தடவிப் பார்த்தது, கோப்பைப் பிடுங்கிப் போட்டது. அதோடு ரின்ஸ்கேக்கு 'மாறுவேட முயற்சிக்கு உடந்தை' என்று முதல் எச்சரிக்கை வந்தது. பரிகாரமாக அவள் நாற்பது நிமிடப் பாதுகாப்புப் பாடம் ஒன்றைக் கணினியில் படித்துத் தேற வேண்டும். பாடத்தை அழுத்தினாள். வலை வாசல் குறுக்கே வந்து நின்றது. பாடம் இருந்த கோப்பின் வகை பட்டியலில் பதினான்காவது. சிவப்புப் பக்கத்தில் தொப்பி போட்ட நாய் ஒன்று கையை நீட்டி 'நில்!' என்றது. மறுநாள், பாடத்துக்கு வராததற்காக இரண்டாவது எச்சரிக்கை வந்தது.

ரின்ஸ்கே உதவி மையத்துக்குப் போன் போட்டாள். எடுத்தவள் மார்லூஸ். குரலைக் கேட்டால் எதையோ மென்றுகொண்டே பேசுவது போலிருக்கும். மென்றது உப்பு லைக்கோரிஸ் மிட்டாய்.

"வலை வாசல் வழியா நேரா இறக்கிப் பாத்தீங்களா?"

"நாய் வருது."

"ஆமா, வரும். சரி, பழைய வாசல் ஒண்ணு இருக்கு, கோப்பு மட்டும் அனுப்பறதுக்குன்னு. அதோட முகவரி உங்க ஜெர்மன்காரர்கிட்ட இருக்கும். அங்கே நாய் வராது."

"அப்ப விட்டுடுமா?"

"விடாது. அங்கே குறிப்பு வைக்க எடமில்ல. அதனால சொல்லாமலே துண்டிச்சிடும்."

ரின்ஸ்கே முயன்றாள். மார்லூஸ் பொய் சொல்லவில்லை. கோப்பு ஒழுங்காக வர ஆரம்பித்தது. இருபது சதவீதம், அறுபது, தொண்ணூறு, தொண்ணூற்றெட்டு. அங்கே கழுத்தை முறித்தது போல நின்றது. பதினோரு முறை செய்தாள். பதினோரு முறையும் தொண்ணூற்றெட்டு. கோப்பு முழுதாக வந்து முடிகிற நேரத்தில்தான் அது கெட்ட வகை என்று அந்த வாசலுக்கு உறைக்கும் போலிருந்தது.

"இது என்னம்மா அக்கிரமம்," என்றாள் போனில். "ஒரே பட்டியல். ஒரு வாசல் லெட்டர் எழுதுது, ஒரு வாசல் நாயைக் காட்டுது, ஒரு வாசல் வாயே திறக்காம கதவைச் சாத்துது."

"நாலாவது வாசலும் ஒண்ணு இருக்கு," என்றாள் மார்லூஸ், குரலைத் தாழ்த்தி. "பூட்டின பெட்டி மாதிரி எல்லாம் மறையாக்கமா வரும். உள்ளே என்ன இருக்குன்னு சுவருக்குத் தெரியாது. அதனால அப்படியே விட்டுடும்."

"அதைத் திறந்து விடேன்!"

"அது ஆறாவது மாடிக்கு மட்டும். இயக்குநர்களோட விடுமுறைப் படங்கள் பெரிசா இருந்துச்சு, வர மாட்டேங்குதுன்னு திறந்தாங்க. உங்களுக்கு வேணும்னா விலக்குப் படிவம் எழுதுங்க. மெயில்ல அனுப்பறேன்."

படிவம் வந்தது. அதாவது, அது இருக்க வேண்டிய இடத்தில் 'நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்' வந்தது. படிவம் தானே கூட்டிக் கழித்துக்கொள்ளும் வகை, பட்டியலில் மூன்றாவது. மார்லூஸ் நல்ல பெண். தன் அறையில் அச்சடித்து, உறையில் போட்டு, தபாலில் அனுப்பினாள். மூன்று நாள் கழித்து வந்த அந்தப் படிவத்தின் நான்காவது கேள்வி: 'விலக்குக் கோரும் கோப்பை, ஆய்வுக்காக, இத்துடன் இணைக்கவும்.'

ரின்ஸ்கே அந்தக் கட்டத்தில் எழுதினாள்: 'என்னிடம் இருந்தால் ஏன் கேட்கிறேன்?' படிவம் முழுமையற்றது என்று திரும்பி வந்தது. ஹின்னெர்க் தன் மடிக்கணினியோடு நேரில் வரத் தயாராக இருந்தான். வெளியாள் கருவி உள்ளே வரவும் ஆறாவது மாடியின் அனுமதி வேண்டும். அந்த வரிசை ஜனவரி வரை நிரம்பியிருந்தது.

நவம்பர் ஏழாம் தேதி மழை பெய்தது.

பெரிய மழை என்று சொல்ல முடியாது. காலை ஒன்பது மணிக்குத் தண்ணீர் இரண்டு மீட்டரைத் தொட்டது. பெட்டி சைபர் என்றது. பம்பு திருப்தியோடு நின்றது. ரின்ஸ்கே மறுதொடக்கப் பொத்தானை அழுத்தினாள். நான்கு நிமிடம் ஓடிவிட்டு, கணக்குப் பார்த்துவிட்டு, மறுபடி நின்றது. கையால் ஓட்டும் பழைய நெம்புகோலை மூன்று வருஷத்துக்கு முன்பு நவீனப்படுத்தும் போதே அறுத்தெடுத்துப் போய்விட்டார்கள். ஆகவே அவள் பொத்தானின் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். நான்கு நிமிடத்துக்கு ஒரு தரம் அழுத்தினாள். மதியம் ரொட்டித் துண்டை இடது கையால் தின்றாள். மூன்று மணிக்கு மழை விட்டது. அதற்குள் பள்ளத்து மேய்ச்சல் நிலம் மூழ்கியிருந்தது.

அது யெல்லே ஹூக்ஸ்ட்ராவின் நிலம். அவன் ரின்ஸ்கேயோடு ஆரம்பப் பள்ளியில் ஒரே பெஞ்சு. சினை ஆடுகளை அங்கேதான் விட்டிருந்தான். நாற்பதில் பதினொன்று வரப்பு ஏறத் தெரியாமல் வேலி மூலையில் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு செத்துப் போயிருந்தன. நனைந்த கம்பளியின் பாரமே அவற்றை அமுக்கிவிட்டது.

அவன் பம்பு நிலையத்துக்கு வந்து கதவருகிலேயே நின்றான். முழங்கால் வரை சேறு.

"பம்பு ஏன் நின்னுச்சு?"

அவள் சொன்னாள். ஜெர்மன் கோப்பு, மெயில், நாய், தொண்ணூற்றெட்டு சதவீதம், படிவம், எல்லாம். சொல்லச் சொல்ல அவளுக்கே தான் ஏதோ உளறுவது போலிருந்தது.

"அப்ப உனக்கு முன்னாடியே தெரியும்."

"பதினோரு நாளா கேட்டுக்கிட்டிருக்கேன்டா."

"கேட்டுக்கிட்டிருக்க," என்றான் யெல்லே. திட்டவில்லை. கத்தவும் இல்லை. "நல்லா மரியாதையா கேட்டிருப்ப. நீ சின்ன வயசிலயே அப்படித்தான், ஒண்ணுக்குப் போகக்கூடக் கைதூக்கிக் கேப்ப." பிறகு செத்த ஆடுகளை எடுத்துப்போகும் வண்டிக்குச் சொல்லப் போனான்.

அந்த வார்த்தை அவளை இரண்டு நாள் தூங்க விடவில்லை. ஒன்பதாம் தேதி பூட்ஸோடு காரை எடுத்துக்கொண்டு தலைமையகத்துக்கே போய்விட்டாள்.

ஆறாவது மாடியில் கொண்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. மேசை மேல் கேக். கேக்கின் மேல் கிரீமில் பெரிதாக ஒரு '0'. மூன்று வருஷமாக ஒரு பாதுகாப்புச் சம்பவமும் இல்லையாம். தகவல் பாதுகாப்பு இயக்குநர் அர்னவுட் வான் லூன் உரையாற்றிக்கொண்டிருந்தார். உயரமானவர், கணுக்கால் தெரிகிற நீலக் கால்சட்டை, எதையும் அவசரமில்லாமல் சொல்கிற குரல்.

"நண்பர்களே, மூணு வருஷத்துல நம்ம சுவர் நாப்பத்தோரு லட்சம் கோப்புகளைத் தடுத்திருக்கு. அதுல எத்தனை கெட்டதுன்னு சிலர் கேக்கறாங்க. நல்ல கேள்வி. பதில் என்னன்னா, நாங்க திறந்து பாக்கல. திறக்கறது ஆபத்து. ஆனா ஒண்ணு உறுதியாச் சொல்லுவேன். தடுத்த கோப்புல ஒண்ணுகூட நமக்குத் தீங்கு செய்யல. நூத்துக்கு நூறு!"

கைதட்டினார்கள். ரின்ஸ்கே தட்டவில்லை. அவள் காலடியில் கம்பளத்தில் சேறு உதிர்ந்துகொண்டிருந்தது.

"லேகமீடன் பம்பு," என்றாள். "திருத்தக் கோப்பு வரணும். வராததால பதினோரு ஆடு செத்திருக்கு."

வான் லூன் அனுதாபத்தோடு தலையைச் சாய்த்தார். "ரொம்ப வருத்தமான விஷயம். ஆனா பாருங்க, ஆடுகள் தகவல் பாதுகாப்புச் சம்பவம் ஆகாது. அது நீர்ச் சம்பவம். மூணாவது மாடி."

"இது நீர் வாரியம்தானே?"

"வரலாற்று ரீதியா, ஆமா."

"அந்த நாலாவது வாசலையாவது பத்து நிமிஷம் திறந்து விடுங்க. அதுல எல்லாமே போகுதாமே."

"அது மறையாக்கப்பட்ட வழி மேடம். அதுல இதுவரைக்கும் ஒரு தப்பும் கண்டுபிடிச்சதில்ல."

"உள்ளே பாக்க முடியாதே, எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"அதேதான்," என்றார் வான் லூன், மாணவி கடைசியில் புரிந்துகொண்டதில் மகிழ்ந்த ஆசிரியர் போல. "நம்மகிட்ட இருக்கற நாலுல அதுதான் ரொம்பச் சுத்தமான வாசல். அதைப் பம்புக் கோப்பால அசுத்தப்படுத்தச் சொல்றீங்களா? விதியை ஒரு பம்புக்காக வளைச்சா, நாளைக்கு எல்லாப் பம்பும் வேலை செய்யணும்னு கேக்கும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த ஒருவர் இந்தக் கடைசி வாக்கியத்தைக் குறித்துக்கொண்டார். ரின்ஸ்கேயின் கையில் யாரோ ஒரு தட்டைத் திணித்தார்கள். சைபரில் ஒரு துண்டு அவளுக்கும் கிடைத்தது. அவள் அதை அப்படியே ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

பதினான்காம் தேதி வானிலை அறிவிப்பு வந்தது. வெள்ளிக்கிழமை, பதினேழாம் தேதி, ஒரே நாளில் எழுபது மில்லிமீட்டர் மழை. பள்ளத்தில் இப்போது யெல்லேயின் ஆடுகள் இல்லை. ஆனால் அதற்கு அடுத்தது கீழத்தெரு. அறுபத்திரண்டு வீடு, ஒரு மழலைப் பள்ளி. ரின்ஸ்கே ஆறாவது மாடிக்கு இதை எழுதினாள். மழைப்படத்தையும் இணைத்தாள். மழைப்படம் அகற்றப்பட்டது என்றும் அவள் பாதுகாப்பாக இருக்கிறாள் என்றும் பதில் வந்தது.

அவள் அந்தப் பதிலைப் படித்துவிட்டு எழுந்தாள், ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்தாள், யெல்லேக்குப் போன் செய்தாள்.

"நாளைக்கு எம்டன் போறேன். வர்றியா?"

"அனுமதி கேட்டியா?"

"இல்ல."

"காலையில ஏழு மணிக்கு வாசல்ல நிக்கறேன்," என்றான்.

புதன்கிழமை, பதினைந்தாம் தேதி. இரண்டு மணி நேர ஓட்டம். எல்லையில் ஒரு வாசலும் இல்லை, நாயும் இல்லை. சாலையின் நிறம் மட்டும் லேசாக மாறியது. ஹின்னெர்க் தன் பட்டறை வாசலிலேயே காத்திருந்தான். கோப்பு இருந்த பழைய மடிக்கணினியை அவள் கையில் கொடுத்தவன், ஒரு நொடி யோசித்துவிட்டு, "நானும் வரேன்," என்று பின் இருக்கையில் ஏறிக்கொண்டான். "எங்க தப்பால செத்த ஆடுங்க யாரோடது?"

"என்னோடது," என்றான் முன் இருக்கையிலிருந்த யெல்லே, திரும்பாமல்.

கார் பத்து கிலோமீட்டர் ஓடியது. பிறகு யெல்லே தன் பையிலிருந்து சீஸ் ரொட்டி ஒன்றை எடுத்துப் பின்னால் நீட்டினான்.

பம்பு நிலையத்தில் ரின்ஸ்கே கட்டுப்பாட்டுப் பெட்டியை வாரியத்தோடு இணைத்திருந்த கம்பியைப் பிடுங்கினாள். அந்த இடத்தில் மடிக்கணினியின் கம்பியைச் செருகினாள். ஐந்து நிமிடம் என்றானே ஹின்னெர்க், நான்கே நிமிடத்தில் முடிந்தது. தொண்ணூற்றெட்டு சதவீதம் வந்தபோது அவள் திரைப்பக்கம் குனிந்தாள். தொண்ணூற்றொன்பது. நூறு.

"அவ்வளவுதானா?" என்றான் யெல்லே.

"அவ்வளவுதான்."

"இதுக்கா?" என்றான். வெளியே போய்க் கால்வாய்ப் பக்கம் பார்த்து நின்றுகொண்டான். அவனை யாரும் கூப்பிடவில்லை.

மறைக்க வேண்டும் என்று ரின்ஸ்கேக்குத் தோன்றவே இல்லை. அன்று மாலையே வான் லூனுக்கும் வாரியத் தலைவிக்கும் எழுதினாள்: 'இன்று பகல் 1.20 மணிக்கு, அனுமதி இல்லாமல், தடை செய்யப்பட்ட கோப்பைத் தடை செய்யப்பட்ட கருவியால், அனுமதிக்கப்படாத வெளியாள் முன்னிலையில் ஏற்றினேன். பம்பு ஓடுகிறது. ர. போஸ்ட்மா.' இணைப்பு எதுவும் இல்லாததால் அந்த மடல் உடனே போய்ச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை எழுபது அல்ல, எண்பத்து நான்கு பெய்தது. தண்ணீர் இரண்டு மீட்டரைத் தொட்டது, தாண்டியது. பம்பு ஒரு முறையும் நிற்காமல் ஓடியது. கீழத்தெருவில் ஒரு மிதியடியும் நனையவில்லை. மழலைப் பள்ளிக் குழந்தைகள் வழக்கம் போல மூன்று மணிக்கு வீட்டுக்குப் போனார்கள்.

டிசம்பர் முதல் வாரம் வாரியத்தின் பொதுக்கூட்டம். பார்வையாளர் வரிசையில் கீழத்தெருக்காரர்கள் முப்பது பேர், நடுவில் யெல்லே. தலைவி வில்லெமைன் டெர் ஹார் பொருளை வாசித்தாள்: பணியாளர் போஸ்ட்மாவின் விதிமீறல்.

வான் லூன் எழுந்தார். முகத்தில் ஒரு கோபமும் இல்லை. அதுதான் ரின்ஸ்கேயை முதலில் பயமுறுத்தியது.

"மேடம் போஸ்ட்மாவைத் தண்டிக்க நான் வரல. பாராட்ட வந்திருக்கேன். அக்டோபர் இருபத்தேழாம் தேதியிட்டு அவங்களுக்கு ஒரு விலக்கு வழங்கறோம். இன்னிக்குக் கையெழுத்து, அன்னிக்குத் தேதி. ஆக, அந்தக் கோப்பு அனுமதியோட வந்தது. விதி மீறப்படல. சுவர் வேலை செஞ்சது, விலக்கு முறையும் வேலை செஞ்சது, பம்பும் வேலை செஞ்சது. நம்ம சைபர் அப்படியே இருக்கு. எல்லாருக்கும் மகிழ்ச்சி."

அவையில் நிம்மதி பரவியது. சிலர் காகிதங்களை அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ரின்ஸ்கே கையைத் தூக்கவில்லை. நேராக எழுந்து நின்றாள்.

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்?" என்றாள் தலைவி.

"விலக்கு. அக்டோபர் இருபத்தேழுல எனக்கு அனுமதி இருந்ததுன்னா, ஏழாம் தேதி அந்த ஆடுங்க ஏன் செத்துச்சு? நான் சோம்பேறித்தனமா உக்காந்திருந்தேன்னு ஆகும். எனக்கு அனுமதி இல்ல. நீங்க கொடுக்கல. நான் மீறினேன். மீறினதாலதான் பம்பு ஓடிச்சு. அப்படியே எழுதுங்க."

"அப்படி எழுதினா உங்களுக்குக் கண்டனக் கடிதம் வரும்," என்றார் வான் லூன், அக்கறையோடு. "உங்க பதிவேட்டுல நிரந்தரமா இருக்கும்."

"இருக்கட்டும். உங்க பதிவேட்டுலயும் இருக்கும்."

"மேடம், ஒரு சம்பவம்னு எழுதினா மூணு வருஷ உழைப்பு போயிடும். கேக் எல்லாம்…" அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். பார்வையாளர் வரிசையில் யாரோ கெக்கலித்துச் சிரித்தார்கள். வான் லூன் முதல் முறையாகத் தண்ணீர்க் கோப்பையைத் தேடினார்.

தலைவி டெர் ஹார் நெடுநேரம் ரின்ஸ்கேயைப் பார்த்தாள். தலைவியே ஒரு விவசாயி மகள்தான். பேச்சில் அது தெரியாமலிருக்க நிறையப் பாடுபட்டவள். கடைசியில் செயலரிடம் கண்டனப் படிவத்தைக் கொண்டுவரச் சொன்னாள். விதிமீறலை ஒப்புக்கொள்ளும் இடத்தில் ரின்ஸ்கே கையெழுத்துப் போட்டாள். கீழே இன்னொரு கட்டம் இருந்தது: 'வருத்தம் (கட்டாயம் நிரப்பவும்)'.

"அதைக் காலியா விட முடியாது," என்றாள் தலைவி, கொஞ்சம் சங்கடத்தோடு. "வருத்தம் இல்லைன்னும் எழுத முடியாது. முறை அப்படி."

"இல்லாம என்ன," என்றாள் ரின்ஸ்கே. "நிறைய இருக்கு."

குனிந்து நிதானமாக எழுதினாள். தலைவி படிவத்தை வாங்கித் தனக்குள் ஒரு தரம் படித்தாள். பொதுக்கூட்டத்தில் தரப்படும் எதையும் உரக்க வாசிக்க வேண்டும் என்பதும் முறைதான். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தாள்:

"'வருத்தம் உண்டு. பத்தொன்பது நாள் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தேன்.'"